பொய் அழைப்பும் மெய்க் கொதிப்பும்



இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், முதுகுவலி பற்றிப் பேசும் இந்தப் பகுதியில் தொலைபேசிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நின்று, வெயிலில் உழைத்துவிட்டு வீடு வந்து சற்றே கண்ணயர்கிறோம். அந்த நேரம் பார்த்துத்தான் கைப்பேசி அலறுகிறது.

"நான் நீதிமன்றத்திலேருந்து பேசுறேன். உங்க மேல வழக்கு இருக்கு. உங்க பேர் என்ன?"

வழக்குப் போட்ட நீதிமன்றத்துக்கு ஆளின் பேர் தெரியவில்லை! அடுத்த நாள் போலீஸ் சார்ஜன் என்று ஒருவன். பின்னால் பத்துப் பேர் இதே பாட்டைப் பாடுவது நம் காதில் விழுகிறது. அதற்கடுத்த நாள் நாம் அனுப்பாத பார்சல் பிடிபட்டுவிட்டதாக ஓர் இயந்திரக் குரல். ஒரு தடவை என்றால் சிரிக்கலாம். தினமும் என்றால் எரிச்சல்தான் மிஞ்சும்.

உடம்பில் நடப்பது என்ன?

திடுக்கிட்டாலும் கோபப்பட்டாலும் சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலின் என்ற நீரை இரத்தத்தில் விடுகின்றன. நெஞ்சு படபடக்கிறது. இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. ஈரல் தன்னிடமுள்ள சர்க்கரையை வெளியே தள்ளுகிறது. புலியைக் கண்டால் ஓடுவதற்காக இயற்கை செய்து வைத்த ஏற்பாடு இது. புலி இல்லாதபோதும் உடம்பு அதையேதான் செய்கிறது.

பயப்பட வேண்டாம். ஒரு அழைப்பால் யாருக்கும் நிரந்தரக் கொதிப்பு வந்துவிடாது. சற்று நேரத்தில் தணிந்துவிடும். ஆனால் ஏற்கெனவே இருதய நோய் உள்ளவர்கள் கடுங்கோபத்தில் கத்துவது நல்லதல்ல. அது மாரடைப்பையே தூண்டிவிடக்கூடும். கெட்ட தூக்கமும் சுலபத்தில் திரும்பி வராது. தூக்கம் கெட்டவன் மறுநாள் கத்தி பிடித்தால் கை தவறும்.

இவ்வளவு மட்டமான பொய் எதற்கு?

'கொஞ்சம் நம்புற மாதிரியாவது பேசக்கூடாதா' என்று தோன்றும். மைக்ரோசாஃப்ட் நிறுவன ஆய்வாளர் கோர்மாக் ஹெர்லி, மோசடி மின்னஞ்சல்களை ஆராய்ந்து 2012-ல் ஒரு விளக்கம் சொன்னார். மட்டமான பொய் ஒரு சல்லடை. விவரமானவர்கள் உடனே விலகிவிடுவார்கள். எளிதில் நம்பிவிடுபவர்கள் மட்டுமே தங்குவார்கள். மோசடிக்காரனுக்கு நேரம் மிச்சம். தொலைபேசிக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும்.

இன்னொன்றும் உண்டு. பேசுகிறவன் எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பவனாக இருக்கலாம். மியன்மாரில் 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிப்பட்ட வேலையில் கட்டாயமாக அடைத்து வைக்கப்பட்டிருக்கலாம் என்று 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கூறியது. 'வெளிநாட்டில் நல்ல சம்பளம்' என்று ஆசை காட்டித்தான் பலரைக் கொண்டுபோனார்கள். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

இரண்டு ஆபத்துகள்

முதலாவது, 'என்னை எவன் ஏமாத்த முடியும்' என்ற நினைப்பு. நூறு மட்டமான அழைப்பைப் பார்த்துச் சிரித்தவர், உண்மையிலேயே ஒரு பார்சலுக்காகக் காத்திருக்கும் நாளில் நூற்றியோராவது அழைப்பில் சிக்கலாம். 55 வயதில் கைக்கு வந்த சேமநிதிப் பணம் ஒரு பகலில் போய்விடும்.

இரண்டாவது, எரிச்சலில் எந்த அழைப்பையும் எடுக்காமல் விடுவது. ஆஸ்பத்திரியிலிருந்து பரிசோதனைத் தேதியைச் சொல்லக் கூப்பிட்டிருப்பார்கள். 'எவனோ திருடன்' என்று விட்டுவிட்டால் நட்டம் நமக்குத்தான்.

செய்ய வேண்டியவை

1. வாதாட வேண்டாம், திட்டவும் வேண்டாம். வைத்துவிடுங்கள். இயந்திரக் குரல் எந்த எண்ணை அழுத்தச் சொன்னாலும் அழுத்தாதீர்கள்.

2. செம்பனைக் குலை வெட்டும் இடத்தில் கைப்பேசியை எடுக்கவே கூடாது. தலைக்கு மேலே இருபது கிலோ குலை இருப்பதை மறக்காதீர்கள்.

3. கிளினிக், ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் பள்ளி ஆகியவற்றின் எண்களைப் பேரோடு பதிந்து வையுங்கள். தூங்கும்போது தெரிந்த எண்கள் மட்டும் ஒலிக்கும்படி பிள்ளைகளை விட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

4. பேங்க் எண், டி.ஏ.சி. எண் எதையும் யாருக்கும் சொல்லாதீர்கள். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று ஒருவன் மிரட்டினால் அவன் திருடன்தான். உடனே வீட்டாரிடம் சொல்லுங்கள்.

5. கோபத்தோடு கொதிப்பு அளக்காதீர்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, பிறகு அளந்தால்தான் சரியான அளவு தெரியும். நெஞ்சு வலித்தால், இறுக்கினால், வியர்த்துக் கொட்டினால் தாமதிக்காமல் 999-ஐ அழையுங்கள்.

6. பணம் போய்விட்டதா? அந்த நிமிடமே பேங்க்குக்கும் 997-க்கும் சொல்லுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் இது. நேரம் போகப்போகப் பணத்தை மறிப்பது கடினம். பிறகு போலீசில் புகார் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. ஏமாந்தவரைப் பார்த்து, "இது கூடவா தெரியல?" என்று கேட்காதீர்கள். பணம் போன வேதனையைவிட அவமானம்தான் பலரைச் சாப்பிடாமலும் தூங்காமலும் வைத்து நோயாளியாக்குகிறது. லயத்தில் அப்படி ஒருவர் இருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள். கிளினிக்குக்கும் போலீஸ் நிலையத்துக்கும் துணைக்குப் போங்கள். தனித்திருப்பவரைத்தான் திருடன் தேடுகிறான். நாம் யாரையும் தனியே விடாதிருப்போம்!