செங்காந்தளின் உண்மை நிறம் எது?

தருமபுரி மாவட்டத்தில் அரூர்ப் பக்கமிருந்து மலை ஏறினால் சித்தேரியை அடையலாம். சேர்வராயன் மலைக்கும் கல்வராயன் மலைக்கும் அண்டையில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமாக நிற்கிறது சித்தேரி மலை. மலையாளி என்னும் பழங்குடி மக்களின் ஊர்கள் அங்கே இருக்கின்றன.

மழைக்காலத்தில் ஒரு நாள், உங்கள் பள்ளி அறிவியல் மன்றம் வனத்துறையின் அனுமதி பெற்று அங்கே தாவரக் கணக்கெடுப்புக்குச் செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். புதரின் மேல் படர்ந்திருக்கிறது ஒரு செங்காந்தள் கொடி. நம் மாநில மலர் அல்லவா அது! அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, விளிம்பெல்லாம் நெளிவு. (அதன் கிழங்கு கொடிய நஞ்சு, பிடுங்கிப் பார்க்க வேண்டாம்.) காமிராவை எடுத்துப் படம் பிடிக்கிறீர்கள்.

வீட்டுக்கு வந்து கணிப்பொறியில் பார்த்தால் ஏமாற்றம்தான். இதழ் முழுவதும் ஒரே சிவப்புத் திட்டு. நேரில் கண்ட மெல்லிய கோடுகளைக் காணோம். மஞ்சள் பகுதியில் மரநிழலின் பச்சைச் சாயல் வேறு! அதே காமிராவில் 'ரா' என்னும் அமைப்பை வைத்துப் படம் எடுத்த உங்கள் தோழிக்கோ கோடுகளும் கிடைத்தன, நிறமும் கிடைத்தது. இது எப்படி?

அரிசியும் சோறும்

'ரா' என்றால் சமைக்காதது, பச்சையானது என்று பொருள். நாம் வழக்கமாகப் பார்க்கும் ஜேபெக் படம், காமிரா தானே சமைத்துக் கொடுத்த சோறு. எவ்வளவு நிறம், எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு கூர்மை என்பதையெல்லாம் காமிராவுக்குள் இருக்கும் சிறு கணிப்பொறி ஒரு நொடிக்குள் முடிவு செய்துவிடுகிறது. மீதியைத் தூக்கி எறிந்துவிடுகிறது. ரா கோப்போ சாமை அரிசி மாதிரி. உப்புமா கிண்டலாம், பொங்கல் வைக்கலாம், அடுத்த மாதம் வேறு விதமாகவும் சமைக்கலாம். சோற்றைத் திரும்ப அரிசி ஆக்க முடியுமா?

கட்டம் போட்ட கண்

காமிராவின் ஒளி உணர்தகட்டில் கோடிக்கணக்கான சிறு குழிகள் உள்ளன. ஒளி விழ விழ ஒவ்வொரு குழியிலும் மின்னேற்றம் சேர்கிறது, மழையில் குடம் நிரம்புவது போல. ஆனால் குடத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று அளக்கலாமே தவிர, அது எந்த மேகத்தின் நீர் என்று சொல்ல முடியாது. உணர்தகட்டின் குழிக்கும் ஒளியின் அளவு தெரியுமே தவிர நிறம் தெரியாது.

இதற்கு வழி கண்டவர் கோடாக் நிறுவனத்தின் விஞ்ஞானி பிரைஸ் பேயர். குழிகளின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளைக் கட்டம் கட்டமாகப் பதித்தார் அவர். 1976 ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. நான்கு குழிகளில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். நமது மங்கள்யான் விண்கலம் செவ்வாயைப் படம் எடுத்த வண்ணக் காமிராவிலும் இந்தப் பேயர் கட்டம்தான் இருந்தது.

இப்போது ஒரு கணக்குப் போடுவோமா? 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் உள்ள காமிராவில், 1 கோடியே 20 லட்சம் குழிகள் பச்சையை மட்டும் அளக்கும். சிவப்பை 60 லட்சம், நீலத்தை 60 லட்சம். ஆனால் முழுப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிற அளவுகளும் வேண்டும். ஆகவே மூன்றில் ஒரு பங்குதான் அளந்தது. மீதி இரண்டு பங்கு பக்கத்துக் குழிகளைப் பார்த்துக் கணக்கிட்டுச் சொல்வது! அந்தக் கணக்கைப் போடுவதுதான் ரா மென்பொருளின் முதல் வேலை. மென்பொருளுக்கு மென்பொருள் கணக்கிடும் முறை மாறும். படமும் சற்று மாறும்.

எண்களிலும் வேறுபாடு உண்டு. ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட், அதாவது 256 படிகள். பல காமிராக்களின் ரா கோப்பில் 14 பிட், அதாவது 16,384 படிகள். செங்காந்தள் போன்ற அடர்சிவப்பு மலரை ஜேபெக் ஆக்கும்போது சிவப்பு எண் உச்சியைத் தொட்டுவிடுகிறது. எல்லாப் புள்ளியும் 255 என்றால் கோடு எப்படித் தெரியும்? ராவில் உச்சிக்குக் கீழே இன்னும் இடம் இருந்திருக்கும். ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: குழியே நிரம்பி வழிந்துவிட்டால் எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது.

எந்த மென்பொருள் நல்லது?

இப்படிக் கேட்டால் விடை கிடைக்காது. எந்த வேலைக்கு, எந்தக் கணிப்பொறியில் என்று கேட்க வேண்டும். காசு கொடுத்து வாங்குவதில் லைட்ரூம் பெயர் பெற்றது. 2007 ஆம் ஆண்டில் வந்த இது இப்போது சந்தா முறையில் கிடைக்கிறது. நிக்கானின் என்.எக்ஸ். ஸ்டூடியோ போல, காமிரா நிறுவனங்கள் இலவசமாகத் தருபவை உண்டு. டார்க்டேபிள், ராதெரபி, டிஜிகேம் ஆகியவை யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் நிரலைத் திறந்து படிக்கவும் கூடியவை. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற லினக்ஸ் கணிப்பொறி வைத்திருப்பவர்களுக்கு இவை மூன்றும் பெரிதும் உதவும். எதை எடுத்தாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது: மூலக் கோப்பைத் தொடாமல் இருக்கிறதா? நல்ல மென்பொருள் நீங்கள் செய்த மாற்றங்களை ஒரு சிறு துணைக்கோப்பில் எழுதி வைக்கும். டார்க்டேபிளும் ராதெரபியும் இப்படித்தான் செய்கின்றன. 'வெளிச்சம் இவ்வளவு கூட்டினேன், சிவப்பு இவ்வளவு குறைத்தேன்' என்ற குறிப்பு அதில் இருக்கும். ஆய்வுக்கூட நோட்டைப் போல, பிறர் அதைச் சரிபார்க்கலாம்.

இரண்டாவது: ஒரு படத்தில் செய்ததை நூறு படத்துக்கும் செய்ய முடியுமா? ஒரே நிழலில் எடுத்த படங்களுக்கெல்லாம் திருத்தம் ஒன்றுதான். ஒன்றைத் திருத்தி மற்றவற்றில் ஒட்டினால் மாலை முழுவதும் மிச்சம்.

மூன்றாவது: உங்கள் கணிப்பொறி தாங்குமா? தமிழக அரசு 2011 இல் தொடங்கிய திட்டத்தில் அண்ணனோ அக்காவோ பெற்ற மடிக்கணினிதான் உங்கள் வீட்டில் இருக்கலாம். எவ்வளவு வசதி இருந்தாலும், ஒவ்வொரு அசைவுக்கும் அரை நிமிடம் காக்க வைக்கும் மென்பொருள் உங்களுக்கு உதவாது.

நான்காவது: பத்து ஆண்டு கழித்தும் திறக்குமா? ஒவ்வொரு நிறுவனத்தின் ரா கோப்பும் ஒவ்வொரு விதம். டேவ் காஃபின் என்பவர் 1997 இல் 'டிசிரா' என்ற சிறு நிரலை எழுதி, நூற்றுக்கணக்கான காமிராக்களின் கோப்புகளைப் படிக்க வழி செய்தார். நிரல் திறந்திருந்ததால் பிற மென்பொருள்களும் அதை எடுத்துக்கொண்டன. சித்தேரியில் இன்று எடுத்த படத்தை உங்கள் தங்கையின் வகுப்பு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், இந்தக் கேள்வி முக்கியம்.

வேலை வரிசை

14 பிட் ரா கோப்பு ஒன்று, சுருக்காவிட்டால் சுமார் 42 மெகாபைட். 200 படம் எடுத்தால் 8,400 மெகாபைட்! வரிசை தெரியாமல் இறங்கினால் தேர்வுக்குப் படிக்க நேரமிராது.

முதலில் படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். அதன் பிறகே காமிரா அட்டையைத் துடையுங்கள். அடுத்து, ஆடியவற்றையும் மங்கியவற்றையும் கழியுங்கள். ரா கோப்புக்குள் சிறிய ஜேபெக் படம் ஒன்று ஒட்டியே வரும். அதைக் காட்டும் மென்பொருளில் களையெடுப்பு வேகமாக முடியும். 200 படத்தில் 20 தேறினால் நல்லது. பிறகு நிறச் சமன். இதற்குக் காட்டிலேயே ஒரு வேலை செய்திருக்க வேண்டும்: மலரின் பக்கத்தில் சாம்பல் நிற அட்டையை வைத்து ஒரு படம். மென்பொருளில் அந்த அட்டையைத் தொட்டு 'இது சாம்பல்' என்று சொன்னால் மரநிழலின் பச்சைச் சாயல் விலகும். அதன் பிறகு வெளிச்சம், கடைசியில் கூர்மை. முடிந்ததை ஜேபெக் ஆக்கி அனுப்புங்கள். ராவையும் துணைக்கோப்பையும் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். இல்லாத இலையை வரைந்து நிரப்பும் வசதிகள் இப்போது வந்துள்ளன. வாழ்த்து அட்டைக்கு அது சரி. தாவரப் பதிவுக்குக் கூடாது. அரிய செடியின் படத்தை வெளியிடும்போது கோப்பில் பதிந்துள்ள இருப்பிட விவரத்தை நீக்கிவிடுங்கள். பிடுங்கிப் போக வருவோருக்கு நீங்களே வழிகாட்ட வேண்டாம்.

செய்து பாருங்கள்

பல கைப்பேசிகளிலும் 'ப்ரோ' அமைப்பில் ரா உண்டு. பள்ளித் தோட்டத்துச் செம்பருத்தியைப் பத்து படம் எடுங்கள். சாம்பல் அட்டையையும் சேர்த்து ஒன்று. ஒரே கணிப்பொறியில், ஒரே பத்துப் படங்களை, இரண்டு மென்பொருள்களில் திருத்துங்கள். திறக்க எத்தனை நொடி, பத்தையும் முடிக்க எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்த்து எழுதுங்கள். பிறகு பூவையே பறிக்காமல் பக்கத்தில் நின்று, எந்தப் படம் அதன் நிறத்துக்கு அருகில் இருக்கிறது என்று மூன்று நண்பர்களைத் தனித்தனியே கேளுங்கள். எது எந்த மென்பொருளில் செய்தது என்று முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்!

மூவரும் ஒரே விடை சொன்னார்களா? இல்லையென்றால், ஏன் என்று யோசியுங்கள். அடுத்த மழைக்குச் சித்தேரி ஏறும்போது, பையில் சாம்பல் அட்டை இருக்கட்டும்.