காற்றைச் சுத்தம் செய்யும் கல், மழைக்காலத்தில் என்ன செய்யும்?

புதுசா பெயின்ட் அடித்த அறையிலும், புது பிளைவுட் அலமாரியிலும் ஒரு நெடி வருமே, அதில் ஃபார்மால்டிஹைடு, டொலுவீன் போன்ற வாயுக்கள் இருக்கலாம். அவற்றை உறிஞ்சிவிடும் என்று சொல்லி, சின்னத் துணிப்பைகளில் ‘ஜியோலைட்’ கல்லை ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் உப்பு ஜாடியே கசிகிற நம்ம ஊரில் இது வேலை செய்யுமா?

ஜியோலைட் ஏமாற்று வேலை இல்லை. சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் சேர்ந்த கனிமம் அது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள், ஒவ்வொன்றும் ஓரிரு மூலக்கூறு நுழையும் அளவுதான். 1756-ல் சுவீடனைச் சேர்ந்த ஆக்சல் குரோன்ஸ்டெட் இப்படியொரு கல்லைச் சூடாக்கினார். அது கொதிப்பது போல நீராவி விட்டது. அதனால்தான் கிரேக்க மொழியில் ‘கொதிக்கும் கல்’ என்று பொருள்படும் இந்தப் பெயர். பெயரிலேயே விஷயம் இருக்கு: இந்தக் கல்லுக்குத் தண்ணீர்தான் முதல் சொந்தம்.

அலுமினியம் அதிகமுள்ள ஜியோலைட்டின் துளைகளில் மின்சுமை இருக்கும். அது நீர் மூலக்கூறைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். முதல் ஸ்டாப்பிலேயே பஸ் நிரம்பிவிட்டால் அடுத்த ஸ்டாப்பில் நிற்பவர் என்ன செய்வார்? நெடி வாயுக்களின் நிலையும் அதுதான். சில நேரம், ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்த வாயுவையும் ஈரம் வெளியே தள்ளிவிடும். கொரோனா காலத்தில் நாம் பார்த்த ஆக்சிஜன் செறிவூட்டிகளில் நைட்ரஜனைப் பிடித்துவைப்பதும் ஜியோலைட்தான். அதிலும் ஈரம் சேர்ந்தால் திறன் குறையும்.

இதற்குத் தீர்வு உண்டு. அலுமினியத்தைக் குறைத்து சிலிக்காவை அதிகமாக்கினால், கல் தண்ணீரை அவ்வளவாக நாடாது. பெயின்ட் அடிக்கும் பெரிய ஆலைகளில் வெளியேறும் வாயுக்களைப் பிடிக்க இந்த வகை பயன்படுகிறது. நீங்கள் வாங்கும் பையில் இருப்பது எந்த வகை? பெரும்பாலும் அட்டையில் போட்டிருக்க மாட்டார்கள்.

‘வெயிலில் காயவைத்தால் புதுசாகிவிடும்’ என்பதும் பாதிதான் உண்மை. ஈரத்தை முழுசா விரட்ட 200 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். நம்ம மொட்டை மாடி எவ்வளவு சுட்டாலும் அது முடியாது. அதைவிட, பெயின்ட் அடித்த அறையின் ஜன்னலைச் சில நாட்கள் திறந்து வைப்பது செலவில்லாத வழி. வெளிக்காற்று எப்படி இருக்கிறது என்பதை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. இந்தப் பையை நம்பி, மூடிய அறையில் ஜெனரேட்டரோ கரி அடுப்போ வைக்கவே வைக்காதீர்கள். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இந்தப் பை அதைத் தடுக்காது. தலைவலி, மயக்கம் வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்து 108-ஐ அழையுங்கள்.