இரும்புக்கை மாயாவியும் கோபாலகிருஷ்ணனும்

1970-களில் பள்ளிக்கூடம் போன பையன்களின் நோட்டுப் புத்தகங்களில், கடைசிப் பக்கத்தில் அடிக்கடி ஒரு படம் இருக்கும்.

ஒரே ஒரு கை. இரும்பால் செய்த கை. அதற்குப் பின்னால் உடம்பு இருக்காது!

யாருடைய கை அது? தமிழ் காமிக்ஸ் படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரும்புக்கை மாயாவி!

1972-ம் ஆண்டு சிவகாசியில் இருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவிதான். இங்கிலாந்தில் 1962-ல் 'வேலியண்ட்' என்ற சிறுவர் இதழில் தொடங்கிய கதை அது. படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் பிளாஸ்கோ.

கதாநாயகன் ஓர் ஆராய்ச்சிக்கூட உதவியாளன். விபத்து ஒன்றில் வலது கையை இழக்கிறான். அந்த இடத்தில் இரும்புக்கை பொருத்தப்படுகிறது. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் போதும், ஆள் மறைந்துவிடுவான். இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

அந்தக் கையை வரைந்த பையன்களில் எவனும், "ஐயோ பாவம், கை இல்லாதவன்" என்று நினைத்து வரையவில்லை. எல்லோருக்கும் அந்தக் கை வேண்டும் என்று ஆசை!

வீரன் வேறு, மனிதன் வேறு

ரசிகர்கள் வரையும் படத்தில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. கதை எதைக் காட்டியதோ, அதுதான் ரசிகரின் பென்சிலில் இறங்கும்.

மாயாவியின் கதை வீரத்தைக் காட்டியது. ரசிகர்கள் வீரத்தை வரைந்தார்கள். ஆனால் செயற்கைக் கை மாட்டியவருக்குத் தோளில் வார் அழுத்தும். வியர்வையில் தோல் புண்ணாகும். சட்டைப் பொத்தான் போடுவதற்கே பழக வேண்டும். இதெல்லாம் அந்தப் படத்தில் வராது. ஊனம் மாய சக்தியாக மாறிவிட்டால், ஊனமுற்ற மனிதன் காணாமல் போய்விடுகிறான். அவனும் ஒரு மாயாவிதான்!

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. அது வில்லனுக்கு ஊனம் கொடுக்கும் வழி. ராமாயணத்தில் சூழ்ச்சி செய்தவளுக்குப் பெயரே கூனி. 1988-ல் தூர்தர்ஷன் காட்டிய மகாபாரதத்தில் சகுனி காலை இழுத்து இழுத்து நடந்தார். முதுகு வளைந்தால் மனமும் வளையும் என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்தது போல் ஆயிற்று.

மூன்றாவது வழி, கண்ணீர். கடைசி ரீலில் ஆபரேஷன் நடக்கும். கட்டை அவிழ்ப்பார்கள். பார்வை வந்துவிடும். கொட்டகையில் கைதட்டல்! பார்வை வராமலே வாழ்கிறவர்கள் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

என் பெயர் அது அல்ல!

1977-ல் பாரதிராஜாவின் '16 வயதினிலே' வந்தது. காலை இழுத்து நடந்து, வாய் குழறிப் பேசும் வேடத்தில் கமல்ஹாசன் நடித்தார். ஊரே அவனைச் 'சப்பாணி' என்று அழைக்கும். வெற்றிலைச் சாறு ஒழுகும் வாயும், கலைந்த தலையும் ரசிகர்கள் விரும்பி வரைந்த முகம் ஆயின.

படத்தின் கீழே என்ன பெயர் எழுதினார்கள்? 'சப்பாணி'தான்!

ஆனால் கதையில் அவனுக்கு ஒரு பெயர் உண்டு. கோபாலகிருஷ்ணன். இனி யாராவது சப்பாணி என்று கூப்பிட்டால் அறைந்துவிடு என்று ஸ்ரீதேவி நடித்த மயில் அவனுக்குச் சொல்லிக் கொடுப்பாள். கொட்டகையில் அந்தக் காட்சிக்குக் கைதட்டியவர்கள், தெருவில் இறங்கியதும் கால் ஊனமுற்ற பையன்களை அதே பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கதை சொன்னது ஒன்று, ஊர் எடுத்துக்கொண்டது வேறொன்று.

நொண்டி, குருடு, செவிடு என்ற சொற்கள் ஒருவரின் உறுப்பைச் சொல்கின்றன, ஆளைச் சொல்வதில்லை. இன்று தமிழ்நாட்டு அரசுத் துறைக்கே 'மாற்றுத்திறனாளிகள் நலத்துறை' என்றுதான் பெயர்.

இரக்கம் வேண்டாம்

ஆளை ஆளாகக் காட்டிய படங்களும் உண்டு.

1972-ல் குல்சார் எடுத்த இந்திப் படம் 'கோஷிஷ்'. கணவன், மனைவி இருவருக்கும் காது கேளாது; பேச்சு வராது. சஞ்சீவ்குமாரும் ஜெயபாதுரியும் கையாலும் முகத்தாலும் பேசி நடித்தார்கள். இந்தக் கதையே 1977-ல் கமல்ஹாசன், சுஜாதா நடிக்க 'உயர்ந்தவர்கள்' என்று தமிழில் வந்தது.

1980-ல் சாய் பராஞ்பே இயக்கிய 'ஸ்பர்ஷ்' படத்தில், பார்வையற்றோர் பள்ளியின் பார்வையற்ற முதல்வராக நஸிருத்தீன் ஷா நடித்தார். தன் மாணவர்களுக்கு உதவி தேவை, இரக்கம் தேவையில்லை என்பது அவருடைய கட்சி. படத்தின் பெரும்பகுதி டெல்லியில் உண்மையான பார்வையற்றோர் பள்ளியிலேயே எடுக்கப்பட்டது.

மும்பைப் பெண்

தன் கதையில் தானே நடித்தவர் மும்பையில் வளர்ந்த சுதா சந்திரன். 1981-ல் திருச்சி அருகே நடந்த பஸ் விபத்தில் காலில் அடிபட்டது. புண் அழுகி, காலை எடுக்க வேண்டியதாயிற்று. அப்போது அவர் பதின்வயதுப் பெண், பரதநாட்டியம் ஆடுபவர்.

ஜெய்ப்பூரில் டாக்டர் சேத்தியும் கைவினைக் கலைஞர் ராம்சந்திர சர்மாவும் உருவாக்கிய ரப்பர் கால் அவருக்குக் கிடைத்தது. செருப்பில்லாமல் நடக்கலாம், குந்தி உட்காரலாம் என்று நம் நாட்டுப் பழக்கத்துக்கு ஏற்பச் செய்த கால் அது. வலியோடு பழகி, 1984-ல் மீண்டும் மும்பை மேடையில் ஆடினார். அந்தக் கதை 'மயூரி' என்று தெலுங்கிலும், 1986-ல் 'நாச்சே மயூரி' என்று இந்தியிலும் படமாயிற்று.

அவரை வரைகிறவர் அந்தச் செயற்கைக் காலை மறைத்தால், பாதிக் கதையை அழித்ததாகும். காலை மட்டும் வரைந்தால், நாட்டியத்தை அழித்ததாகும்!

தலை இல்லாத மனிதன்

ஆஸ்பத்திரி, ரெயில் நிலையம் எங்கும் ஒரு சின்னத்தைப் பார்க்கலாம். நீலப் பின்னணியில் சக்கர நாற்காலி. அதில் வெள்ளை உருவம்.

1968-ல் அதை முதலில் வரைந்தவர் டென்மார்க் நாட்டு மாணவி ஒருவர். அவர் வரைந்தபோது அதில் நாற்காலி மட்டுமே இருந்தது. தலை இல்லை! பிறகுதான் மேலே ஒரு வட்டம் போட்டுத் தலை வைத்தார்கள். நாற்காலி மனிதன் ஆனது அந்த ஒரு வட்டத்தால்தான்.

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

சினிமாவில் ஊனத்தைக் கேலி செய்வது பற்றிய வழக்கில், 2024 ஜூலை 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. இழிவான சொற்களைத் தவிர்க்க வேண்டும். கேலிப்பொருளாகவும் காட்டக்கூடாது, அசாத்திய சக்தி படைத்தவராகவும் காட்டக்கூடாது. அவர்களைப் பற்றிக் கதை எழுதும்போது அவர்களையே கலந்து பேச வேண்டும் என்று கூறியது.

கோர்ட்டு சினிமாக்காரர்களுக்குச் சொன்னது, நோட்டுப் புத்தகத்தில் வரையும் ரசிகருக்கும் பொருந்தும்.

வரைகிறவர்கள் கவனத்துக்கு

அக்குள் ஊன்றுகோலில் உடம்பின் பாரம் கைப்பிடியில்தான் இறங்கும். அக்குளில் தொங்குவதுபோல் வரைவது தவறு. பார்வையற்றவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பதில்லை. முகம் நேராக இருக்கும். வெள்ளைக் கோலின் நுனி முன்னால் தரையைத் தொட்டுக்கொண்டு போகும். சைகை மொழி பேசுகிறவருக்குக் கை பாதி, முகம் பாதி. புருவம் கூடப் பேசும்.

இதைப் படிக்கப் புத்தகம் தேவையில்லை. மும்பை மின்சார ரெயிலில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பெட்டி உண்டு. காலையில் அதில் ஏறுகிறவர்கள் மாயாவிகள் அல்ல. டிபன் பாக்சோடு வேலைக்குப் போகிறவர்கள். பக்கத்துப் பெட்டியில் தொங்கிக்கொண்டு போகிறவரைப் போலவே, அவர்களுக்கும் மேலதிகாரி உண்டு. வீட்டு வாடகை உண்டு. பிடித்த நடிகர் உண்டு.

படம் வரைந்து முடித்ததும் கீழே பெயர் எழுதுவது வழக்கம். 16 வயதினிலே கமலை வரைகிறவர்கள் இனி 'கோபாலகிருஷ்ணன்' என்று எழுதலாம்!