ஞாயிறு ஆராதனையும் பிரஷர் கருவியும்: மாத்தளைத் தோட்டச் சபைகள் செய்யக்கூடியது என்ன?

மாத்தளை மாவட்டத் தோட்டங்களில் பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் குளிசை எடுப்பவர்களுக்கு மாதம் ஒரு கிளினிக் நாள் உண்டு. அது பெரும்பாலும் வேலை நாளில்தான் வரும். விடியற்காலை பஸ் பிடித்து ரத்தோட்டைக்கோ மாத்தளை டவுனுக்கோ போய், நம்பர் எடுத்து, வரிசையில் நின்று, மருந்து வாங்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்ப மத்தியானம் தாண்டிவிடும். அன்றைக்குப் 'பேர்' இல்லை, அதாவது அந்த நாளின் சம்பளம் இல்லை. 2024 செப்டெம்பரில் நாளொன்றுக்கு அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி சொன்னது. குளிசை இலவசம்தான், ஆனால் கிளினிக் போவதற்கு ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டியிருக்கிறது. பஸ் காசு தனி. ஒரு மாதம் போகாமல் விடுவார்கள். உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று அடுத்த மாதமும் விட்டுப்போகும். பிரஷர் அப்படித்தான், பக்கவாதம் வரும்வரை ஒன்றும் செய்யாது.

இலங்கையில் நிகழும் 100 மரணங்களில் 80க்கு மேல் மாரடைப்பு, பக்கவாதம், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால் வருபவை. பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம். இதை முன்கூட்டியே பிடிக்கத்தான் சுகாதார அமைச்சு 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களை நடத்திவருகிறது. 35 வயதைத் தாண்டியவர்கள் அங்கே பிரஷர், சீனி, எடை எல்லாம் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆண்கள் வருவதில்லை என்று சுகாதாரத் துறையே பல வருடமாகக் குறைப்பட்டுக்கொள்கிறது. வேலை நேரத்தில் திறக்கிற இடத்துக்கு நாட்சம்பளக்காரர் வரமாட்டார் என்பது தோட்டத்தில் எவரைக் கேட்டாலும் தெரியும்.

தேவாலயத்தின் பெறுமதி இந்த இடத்தில்தான். இம்மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். காசும் கட்டடமும் பெரிதாக இல்லை. ஆனால் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகாத ஞாயிற்றுக்கிழமைகளில், அதே ஆட்கள் அதே வாங்கில் வந்து உட்காருகிறார்கள். ஒருவர் வராவிட்டால் "போன கிழமை ஏன் காணோம்?" என்று கேட்க ஆள் இருக்கிறது. நாட்பட்ட நோய்க்காரருக்கு மருந்துக்கு அடுத்தபடியாகத் தேவைப்படுவது இந்தக் கேள்விதான். வைத்தியசாலைக்கு அதைக் கேட்க நேரமில்லை.

வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது மலையகச் சபைகளுக்குப் புதிதுமல்ல. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர்கள் காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வாந்திபேதிக்கும் அம்மைக்கும் வழியிலேயே செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், திருநெல்வேலிச் சீமையிலிருந்து உபதேசியார்களை வரவழைத்துத் தோட்டம் தோட்டமாக நடக்கவிட்டது. வடக்கே மானிப்பாயில் 1848இல் வைத்தியப் பணியைத் தொடங்கிய டொக்டர் சாமுவேல் கிறீன், பிற்பாடு தமிழிலேயே மருத்துவம் கற்பித்து வைத்தியர்களை உருவாக்கினார். மலையகத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1872இல் மருத்துவத் தேவைகள் சட்டம் வந்த பிறகும் தோட்டத்து வைத்தியம் துரைமாரின் செலவுக் கணக்கோடு கட்டுண்டே கிடந்தது. தோட்டத்துக்கு வாய்த்தவர் கால்நடையாக வந்த உபதேசியார்தான். இன்றைக்கு வேண்டியதும் அவரைப் போல லயத்துக்கு வந்து பார்க்கிற ஆள்தான்.

ஆனால் சபைகள் சுகாதாரம் என்றதும் நினைப்பது மருத்துவ முகாமை. திருநாளை ஒட்டி டவுனிலிருந்து டொக்டர்மார் வருவார்கள், பந்தல், பதாகை, போட்டோ. இருநூறு பேருக்குப் பிரஷர் பார்த்து, கூடியவர்களுக்கு இரண்டு கிழமைக்குக் குளிசை கொடுத்து அனுப்புவார்கள். மூன்றாவது கிழமை என்ன ஆகும் என்பதற்கு அங்கே பதில் இல்லை. என் கணக்கில், வருடத்துக்கு ஒரு முகாமை விட, மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து அரை மணி நேரம் ஒரு மேசை போடுவது மேல்.

அந்த மேசையில் நடக்கவேண்டியது எளிது, ஆனால் ஒழுங்காக நடக்கவேண்டும். வந்தவரை ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில், கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல். அரை மணி நேரத்துக்குள் பிளேன்டீ குடித்தவர், வெற்றிலை போட்டவர், பீடி இழுத்தவர் என்றால் பொறுத்திருந்து பார்க்கலாம். மலையேறி மூச்சு வாங்க வந்த பாட்டிக்கு வந்த கையோடு பட்டியைச் சுற்றினால் கருவி காட்டுவது ஏற்றத்தின் கணக்கு. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து, இரண்டையும் அவருடைய கிளினிக் கொப்பியிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். 140க்கு 90ஐத் தாண்டினால் நோய் என்று முத்திரை குத்துவது சபையின் வேலையல்ல, "இந்த மாதம் கிளினிக் போங்க" என்று சொல்லி அனுப்புவதே வேலை. 180க்கு 120ஐத் தாண்டினால் அன்றைக்கே வைத்தியசாலை. கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், கை கால் இழுப்பு இருந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ்.

இது பலன் தருமா என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நியூயோர்க்கில் கறுப்பின மக்களின் 32 தேவாலயங்களில் உயர் இரத்த அழுத்தம் உள்ள 373 பேரை வைத்து நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. பயிற்சி பெற்ற சபையாரே வகுப்பு நடத்தினார்கள். ஆறு மாதத்தில் அந்த வகுப்புக்கு வந்தவர்களுடைய மேல் அழுத்தம், வெறுமனே சுகாதாரப் பேச்சுக் கேட்ட மற்றச் சபையாரை விட ஏறக்குறைய 6 புள்ளி கூடுதலாக இறங்கியது. ஒன்பதாவது மாதத்தில் அந்த இடைவெளி உறுதியாகச் சொல்லுமளவுக்கு இல்லை. தொடங்குவதை விடத் தொடர்வது கஷ்டம் என்பது அங்கேயும் அப்படித்தான். சிக்காகோப் பக்கத்தில் லூத்தரன் போதகர் கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க் 1980களின் நடுவில் சபைக்கொரு தாதி என்று தொடங்கிய ஏற்பாடு நிலைத்ததற்குக் காரணம், அந்த வேலைக்கென்றே ஒரு ஆள் இருந்ததுதான். தோட்டச் சபைக்குத் தாதி கிடைப்பது அரிது. ஓய்வுபெற்ற மிட்வைஃப், தோட்ட டிஸ்பென்சரியில் வேலை செய்தவர், ஏ.எல். படித்த பிள்ளைகள் இருவர் கிடைப்பார்கள். சிங்களத்தில் எழுதிய கிளினிக் துண்டைப் படித்துச் சொல்லவும் அந்தப் பிள்ளைகளே உதவுவார்கள். கத்தோலிக்கப் பங்குகள் புதுச் சங்கம் தொடங்கத் தேவையில்லை. மாத்தளையையும் உள்ளடக்கிய கண்டி மறைமாவட்டத்துக்குச் செட்டிக் என்ற சமூகப் பணி நிலையம் ஏற்கெனவே இருக்கிறது.

கருவியை விடப் பெரிய காரியம் ஒன்று பிரசங்க மேடையில் இருக்கிறது. "ஜெபம் பண்ணியாச்சு, இனிக் குளிசை வேண்டாம்" என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. நிறுத்தச் சொல்லாத போதகரும், தொடரச் சொல்லாமல் விட்டால் கேட்டவர் தன் இஷ்டத்துக்குத்தான் விளங்கிக்கொள்வார். சுகமளிக்கும் கூட்டம் நடத்துகிற ஒவ்வொருவரும் "டொக்டர் சொல்லும்வரை குளிசையை விடாதீங்க" என்பதை மைக்கிலேயே சொல்ல வேண்டும். உபவாச ஜெபமும் அப்படியே. இன்சுலின் போடுகிறவரும், சீனிக்குச் சிலவகைக் குளிசை எடுப்பவரும் வெறும் வயிற்றில் இருந்தால் சீனி திடீரென இறங்கி, வியர்த்து, நடுங்கி, நினைவு தப்பும். அதை ஆவியின் அசைவு என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்து. கத்தோலிக்கத் திருச்சபையின் விதியே 18 முதல் 59 வயதுவரைதான் நோன்பைக் கேட்கிறது, அதிலும் நோயாளிக்கு விலக்கு உண்டு. தவக்காலம் தொடங்குமுன் இதை ஒரு தடவை வாசித்தால் போதும்.

குடி விஷயத்திலும் நல்லெண்ணம் காலை வாரலாம். கசிப்பில் வருடக்கணக்காக ஊறியவரைப் பீடத்தின் முன் நிறுத்திச் சத்தியம் வாங்கி, அன்றைக்கே அடியோடு நிறுத்தச் சொன்னால், இரண்டு மூன்று நாளில் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிரும் போகலாம். விடியக் காலையில் கை நடுங்கிக் குடித்தால்தான் அடங்கும் நிலையில் உள்ளவர் முதலில் வைத்தியசாலைக்குப் போக வேண்டும், சத்தியம் பிறகு. அவருடைய மனைவிக்கும் ஒரு வழி சொல்லி வைக்க வேண்டும். தேசிய மனநல உதவி எண் 1926.

சாப்பாட்டைப் பற்றிப் பிரசங்கம் வேண்டாம், சபை போடும் சாப்பாட்டை மாற்றினால் போதும். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17, தோட்டங்களில் 32. ஞாயிறு பள்ளியில் பனிசும் சீனித் தண்ணீரும் கொடுக்கும் இடத்தில் அவித்த கௌபியோ பயறோ கொடுக்கலாம், செலவு பெரிதாகக் கூடாது. வெற்றிலை பாக்கு புகையிலையைக் கல்யாண வீட்டுத் தட்டிலிருந்து எடுப்பது இதை விடக் கஷ்டம். இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய் என்றாலும், தட்டு வைக்காவிட்டால் மரியாதைக் குறைவு என்பார்கள். 35 வயதுப் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்யும் வெல் வுமன் கிளினிக்குக்குத் தனியே போகக் கூச்சப்படுகிறவர்கள், மாதர் சங்கத்தோடு சேர்ந்தால் போவார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். யாருக்கு எவ்வளவு பிரஷர், யார் கசிப்பை விட்டார் என்பதெல்லாம் சாட்சி சொல்லும் நேரத்துக்கான சரக்கல்ல. லயத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும், தேவாலயத்திலாவது வெளியே போகாமல் இருக்கட்டும். இரண்டாவது, தோட்டத்தில் பக்கத்துக் காம்பராக்காரர் பெரும்பாலும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர். மேசை சபையாருக்கு மட்டும் என்றால் அது கஞ்சத்தனம், அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் துண்டுப் பிரசுரம் நீட்டினால் மதமாற்றம் என்ற பேச்சு வரும், வருவதில் நியாயமும் உண்டு. மேசையை ஆலய முற்றத்தில் போடாமல் வாசகசாலையிலோ பிள்ளை மடுவத்திலோ போட்டு, கோயில் கமிட்டியையும் சேர்த்துக்கொண்டால் அந்தச் சந்தேகம் எழாது. மாசி மகத் தேர் நாளில் மாத்தளை டவுனில் கூடும் கூட்டத்துக்கு அதே மேசையைக் கோயில்காரர் போடலாம், சபைப் பிள்ளைகள் போய் உதவலாம்.

தொடங்குவதற்கு முன் செய்யவேண்டியது ஒரு கடிதம். அந்தந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு, போதகரும் கோயில் கமிட்டித் தலைவரும் தோட்டத் தலைவரும் சேர்ந்து கையெழுத்து வைத்து எழுத வேண்டும். கேட்கவேண்டியவை மூன்று: பிரஷர் பார்க்க இருவருக்குப் பயிற்சி, கூடுதலாக உள்ளவர்களை அனுப்ப ஒரு கிளினிக், மாதத்தில் ஒரு ஞாயிறு தோட்டத்திலேயே ஆரோக்கிய வாழ்க்கை நிலைய நடமாடும் சேவை. மூன்றாவதுக்கு உடனே ஆம் என்ற பதில் வராது, முதல் இரண்டுக்கும் மறுப்புச் சொல்லக் காரணமில்லை.