கிளினிக் கொப்பியில் கண்ணுக்கும் ஒரு வரி

வலப்பனை, இராகலை, உடப்புசல்லாவைப் பக்கத்து மலைகளில் கொழுந்து பறிப்பவரின் விரல்களைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கண்ணில் பட்ட கணமே விரல் அங்கே இருக்கும். அதற்குள் மூளையில் பார்வை, கவனம், அசைவு ஆகியவற்றுக்கான பகுதிகள் தமக்குள் செய்தி பரிமாறி முடித்துவிடுகின்றன. இந்தப் பரிமாற்றமே மூளை இணைப்பு. உயர் குருதி அமுக்கத்தால், அதாவது நாம் சொல்லும் ‘பிரஷரால்’, கண் பாதிக்கப்பட்டவர்களிடம் இந்த இணைப்பும் மாறியிருக்கிறது.

கண்ணுக்கும் மூளைக்கும் உள்ள உறவு கருவிலேயே தொடங்குகிறது. வளரும் சிசுவின் முன்மூளையிலிருந்து மொட்டுப்போல் கிளம்பும் பகுதிதான் பின்னர் விழித்திரையாகிறது. இரண்டின் நுண்குழாய்களும் ஒத்த இயல்புடையவை. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உருவாக்கிய கண்நோக்கி, உடலைக் கீறாமலே குருதிக் குழாய்களை நேரில் பார்க்க வழி திறந்தது. பிரஷர் நீடித்தால் விழித்திரை நாடிகளின் சுவர் தடித்து உட்துளை குறுகும். அவை குறுக்கே செல்லும் இடங்களில் நாளங்கள் நசுங்கும். பிறகு குருதிக் கசிவும் பஞ்சுபோன்ற வெண்புள்ளிகளும் தோன்றும். மிகவும் முற்றினால் பார்வை நரம்பின் முனையே வீங்கும். தொடக்கத்தில் வலியும் இல்லை, மங்கலும் இல்லை.

மூளைக்குள் நடப்பதைக் காண இன்னொரு வழி 1995இல் கிடைத்தது. இந்தியாவில் பிறந்த பரத் பிஸ்வால், அசையாமல் படுத்திருப்பவர்களின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியில் ஆராய்ந்தார். விரல் ஓய்ந்திருந்தபோதும், கையை இயக்கும் இடது, வலது பகுதிகளின் சமிக்ஞைகள் ஒன்றாக ஏறி இறங்கின. சீன ஆய்வாளர்கள் இதே முறையில் பிரஷரால் விழித்திரை கெட்டவர்களை ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டார்கள். பார்வைப் பகுதி உட்படப் பல இடங்களின் செயற்பாட்டிலும் இணைப்பிலும் வேறுபாடு தெரிந்தது.

இந்த வேறுபாடு ஏற்பட இரு பாதைகள் இருக்கலாம். கண்ணிலிருந்து வரும் சமிக்ஞை நலிந்தால் பார்வைப் பகுதியின் வேலை மாறும். மூளையின் நுண்குழாய்கள் கெட்டால், தொலைவிலுள்ள பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள் போதிய குருதியின்றி வாடும். 2001இல் தியன் யின் வோங் குழுவினர் அமெரிக்காவில் 10,000க்கு மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். விழித்திரைப் பாதிப்பு இருந்தவர்களுக்கு, அது இல்லாதவர்களைவிடப் பக்கவாத ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

இருந்தும், தோட்டத்தில் கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும். தலைச்சுற்று நின்றதும் குளிசையையும் நிறுத்திவிடுகிறோம். ஆனால் தலைச்சுற்று நின்றதால் பிரஷர் இறங்கிவிட்டதென்று ஆகாது. குளிசையோடு உணவிலும் கவனம் வேண்டும்: உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. கருவாட்டிலும் ஊறுகாயிலும் உள்ள உப்பும் அந்தக் கணக்கில் சேரும்.

அம்மாவோ அப்பாவோ அடுத்த முறை கிளினிக் கொப்பியோடு அரச ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, “டொக்டர், கண்ணின் உள்பக்கத்தையும் பார்க்க வேண்டுமா?” என்று கேட்கச் சொல்லுங்கள். குளிசையை மட்டும் டொக்டர் சொல்லாமல் நிறுத்த விடாதீர்கள்.