வேப்பிலைப் படம் முகத்தைக் கழுவுமா?

மருந்தகத்தில் விற்கும் ஃபேஸ் வாஷ் பலவற்றின் உறையில் வேப்பிலை, கற்றாழை, மஞ்சள் படங்கள் பளிச்சிடும். ‘தாவரத்திலிருந்து தயாரிக்கப்பட்டது’ என்ற வாசகமும் இருக்கும். அந்த வாசகம் பொருள் எங்கிருந்து வந்தது என்பதையே சொல்கிறது. முகத்தில் என்ன செய்யும் என்பதைச் சொல்வதில்லை. மாணவர்களே, வாங்கும் முன் நான்கைக் கவனியுங்கள்.

முதலாவது, நுரை. முகத்தின் எண்ணெய்ப் பசையை முக்கியமாக அகற்றுவது நுரைக்கும் பொருளே. அதன் மூலக்கூறின் ஒரு முனை நீரையும் மறுமுனை எண்ணெயையும் பற்றிக்கொள்ளும். மென்மையானதாகக் கருதப்படும் கோகோ குளுக்கோசைடு, தேங்காய் எண்ணெயும் குளுக்கோஸும் கொண்டு தயாரிக்கப்படுகிறது. அதைவிடச் சருமத்தை உலர்த்தக்கூடிய சோடியம் லாரெத் சல்பேட்டையும் தேங்காய் அல்லது செம்பனை விதை எண்ணெயிலிருந்து தயாரிப்பதுண்டு. மூலம் தாவரம்தான், குணம் வேறு.

இரண்டாவது, அளவு. ஆசியான் விதிகளின்படி, 1 விழுக்காட்டுக்கு மேலுள்ள உட்பொருள்களை அளவு குறையும் வரிசையில் அச்சிட வேண்டும். கெடாமல் காக்கும் ஃபினாக்சிஎத்தனால் 1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வேம்பின் தாவரவியல் பெயரான ‘அசாடிராக்டா இண்டிகா’ அதற்குப் பின்னால் இருந்தால், வேம்புச் சாறும் 1 விழுக்காட்டைத் தாண்டாது என்று அறியலாம்.

மூன்றாவது, நேரம். 1990இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், 5 விழுக்காடு டீ ட்ரீ எண்ணெய் கலந்த ஜெல் பருக்களைக் குறைத்தது. ஆனால் பென்சாயில் பெராக்சைடைவிட மெதுவாக. அந்த ஜெல் தோலில் பூசி விடப்பட்டது. ஃபேஸ் வாஷோ ஒரு நிமிடத்திற்குள் நீரோடு போய்விடும். ஜெல்லின் பலனை இதற்கும் சொந்தமாக்க முடியாது.

நான்காவது, பிஎச் அளவு. தோலின் மேற்பரப்பு சுமார் 5; சாதாரண சவர்க்காரம் 9 முதல் 10. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். நாசி கெராபு சோற்றுக்கு நீல நிறம் தரும் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து ஆறவிடுங்கள். இரண்டு கிண்ணங்களில் அந்த நீரை ஊற்றி, ஒன்றில் வெண்ணிறச் சவர்க்காரத்தையும் மற்றொன்றில் நிறமற்ற ஃபேஸ் வாஷையும் கரையுங்கள். பச்சையாக மாறினால் அது காரத்தன்மை உடையது. நீலமாகவே இருந்தால் வலுவான காரம் இல்லை.

அழகுசாதனப் பொருள் எதுவும் ‘பருவைக் குணப்படுத்தும்’ என்று விளம்பரம் செய்யக்கூடாது; அது மருந்துக்குரிய உரிமை. அப்படி எழுதியிருந்தால், உறையில் எத்தனை இலைகள் இருந்தாலும் அதை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.