இருவரும் சேர்ந்து அவிழ்க்கும் புதிர்கள்

பக்கவாதத்திலிருந்து மீண்டு வருவோரின் குடும்பத்தாரும், மறதிநோயின் தொடக்க நிலையில் இருப்போரின் குடும்பத்தாரும் மருத்துவரிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று இது: புதிர், மனக்கணக்கு, விடுகதை போன்றவற்றைக் கொடுத்துப் பழக்கினால் மூளை பழைய நிலைக்கு வந்துவிடுமா? இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. புதிர்களால் நன்மை உண்டு. ஆனால் அந்நன்மை பலரும் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்பதையும், கணவனும் மனைவியும் அதை எவ்வாறு பெறலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஆய்வுகள் கூறுவது என்ன?

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 இலட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்கின்றனர் என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்று மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோரை வீட்டிலேயே குடும்பத்தார் கவனித்துக்கொள்கின்றனர். முதுமையில் அப்பொறுப்பு பெரும்பாலும் வாழ்க்கைத் துணையின் மேல்தான் விழுகிறது.

பிரிட்டனில் 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், மறதிநோய் உடைய 201 முதியோர் பங்கேற்றனர். அவர்களில் ஒரு பகுதியினர் சிறு குழுக்களாக அமர்ந்து, வாரம் இருமுறை, ஏழு வாரங்களுக்குச் சொல் விளையாட்டு, பொருள்களை வகைப்படுத்துதல், பழைய செய்திகளைப் பேசுதல் போன்றவற்றில் ஈடுபட்டனர். அவ்வாறு ஈடுபட்டோரின் நினைவுத்திறனும் வாழ்க்கை நிறைவும் ஓரளவு மேம்பட்டன. இம்முறையை அறிவுத்தூண்டல் சிகிச்சை என்பர். சென்னையில் 1984-இல் தொடங்கப்பட்ட ஸ்கார்ஃப் மனநல நிறுவனம் இதை நம் சூழலுக்கு ஏற்ப மாற்றி அமைத்துப் பயன்படுத்திப் பார்த்துள்ளது.

இதே பயிற்சியை வீட்டில், கவனித்துக்கொள்பவர் ஒருவரே நோயாளிக்கு அளித்தால் என்ன ஆகும்? இதை அறிய 356 இணையர்களைக் கொண்டு மற்றோர் ஆய்வு பிரிட்டனில் நடந்தது. 2017-இல் வெளியான அதன் முடிவு சிந்திக்கத்தக்கது. நோயாளிகளின் நினைவுத்திறன் மதிப்பெண் குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. ஆனால் தம்மைக் கவனித்துக்கொள்பவருடன் உள்ள உறவு மேம்பட்டதாக நோயாளிகள் தெரிவித்தனர். கவனித்துக்கொள்வோரின் வாழ்க்கைத் தரமும் சற்று உயர்ந்தது.

புதிரால் கிடைக்கும் நன்மை இங்கேதான் இருக்கிறது. நோய் வந்த வீட்டில் பேச்சு மெல்ல மெல்லச் சுருங்கிவிடும். "மாத்திரை போட்டாயிற்றா?", "சாப்பிட்டீர்களா?" என்பவை மட்டுமே மிஞ்சும். ஒருவர் ஏவுபவராகவும் மற்றவர் ஏவப்படுபவராகவும் மாறிவிடுவர். ஒரு புதிரின் முன் அமரும் அரை மணி நேரம் அவ்விருவரையும் மீண்டும் சமமானவர்களாக அமர்த்துகிறது.

ஏரிக்கரை மக்களுக்குப் புதியதன்று

திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு பகுதி அமைந்துள்ள பழவேற்காடு ஏரி, சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். அதன் நீர்ப்பரப்பை ஒட்டி அமைந்த மீனவக் கிராமங்களுள் பசியாவரமும் ஒன்று. பல தலைமுறைகளாகப் படகில் ஏறித்தான் அவ்வூர் மக்கள் பழவேற்காட்டுக் கரையை அடைந்தனர்.

இவ்வேரியைச் சார்ந்து வாழும் மீனவர்களிடையே 'பாடு' என்னும் முறை வழங்கி வருகிறது. உரிமை பெற்ற குழுவினருள் எவர், எந்த நாளில், ஏரியின் எந்தப் பகுதியில் வலையிடுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. நல்ல இடம் எப்போதும் ஒருவருக்கே போய்விடாமல் சுழன்று வர வேண்டும். இது ஒரு தருக்கக் கணக்கு. பிடித்த மீனையும் இறாலையும் விற்கும் பெண்கள், கூடையில் இருந்தது, விற்றது, கடன் கொடுத்தது, மிஞ்சியது ஆகியவற்றை எழுதாமலே மனத்தில் வைத்திருப்பர். அதுவும் ஒரு கணக்கே. ஆடுபுலி ஆட்டமும் பல்லாங்குழியும் தாயமும் நம் திண்ணைகளில் ஆடப்பட்டவை. ஆகவே பள்ளிப் படிப்புக் குறைவு என்று எவரும் தயங்க வேண்டியதில்லை. பின்வரும் மூன்று புதிர்களும் வாய்மொழியாகச் சொல்லித் தீர்க்கத் தக்கவை.

மூன்று புதிர்கள்

முதற்புதிர்: சிறு படகு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் ஆகிய நால்வர் பழவேற்காட்டுக் கரையிலிருந்து பசியாவரத்துக்குச் செல்ல வேண்டும். அங்கிருப்பதோ ஒரு சிறு படகு. அது பெரியவர் ஒருவரைத் தாங்கும். அல்லது பிள்ளைகள் இருவரைத் தாங்கும். பெரியவரும் பிள்ளையும் சேர்ந்து ஏறினால் கவிழ்ந்துவிடும். நால்வருக்கும் படகு செலுத்தத் தெரியும். நால்வரும் அக்கரை சேரப் படகு எத்தனை முறை ஏரியைக் கடக்க வேண்டும்? இவ்வகைப் புதிர் மிகப் பழமையானது. 8-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்குவின் என்னும் ஆங்கிலேய அறிஞர் தொகுத்ததாகக் கருதப்படும் இலத்தீன் நூலிலேயே இது காணப்படுகிறது. நாம் அறிந்த புலி, ஆடு, புல்லுக்கட்டுப் புதிரும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

இரண்டாம் புதிர்: நண்டுக் கூடை. ஓர் அம்மாள் கூடையில் நண்டு எடுத்துக்கொண்டு விற்கச் செல்கிறார். முதல் வீட்டில், தம்மிடம் இருந்ததில் பாதியையும் மேலும் ஒரு நண்டையும் விற்கிறார். இரண்டாம் வீட்டில், மீதமிருந்ததில் பாதியையும் மேலும் ஒன்றையும் விற்கிறார். மூன்றாம் வீட்டிலும் அவ்வாறே. இறுதியில் கூடையில் இரண்டு நண்டுகள் மிஞ்சுகின்றன. புறப்படும்போது எத்தனை நண்டுகள் இருந்தன?

மூன்றாம் புதிர்: வலையிடும் முறை. மடவைக் குழு, இறால் குழு, நண்டுக் குழு என மூன்று குழுக்கள். முகத்துவாரம், மணல்திட்டு, வடகரை என மூன்று இடங்கள். மூன்று நாள்களில் ஒவ்வொரு குழுவும் ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஒரு நாள் வலையிட வேண்டும். ஒரே நாளில் இரு குழுக்கள் ஓரிடத்தில் இருத்தல் ஆகாது. இப்புதிரைப் பிறர் ஒருவர் படித்துக் காட்டுவது நன்று. கணவரின் காதில் மட்டும் சொல்ல வேண்டிய குறிப்பு: முதல் நாள் முகத்துவாரத்தில் இருந்தது மடவைக் குழு, இரண்டாம் நாள் அங்கே இருந்தது இறால் குழு. மனைவியின் காதில் மட்டும் சொல்ல வேண்டிய குறிப்பு: முதல் நாள் நண்டுக் குழு மணல்திட்டில் இல்லை. மூன்றாம் நாள் எந்தக் குழு எங்கே வலையிட்டது?

மூன்றாம் புதிரை ஒருவர் மட்டும் தீர்க்க முடியாது. கணவரிடம் உள்ள குறிப்பைக் கொண்டு இரண்டு விடைகள் வரை வரலாம். அவற்றுள் எது சரி என்பதை மனைவியின் குறிப்பே முடிவு செய்யும். குறிப்புகளை இவ்வாறு பிரித்துக் கொடுத்தால் எந்தப் புதிரும் இருவருக்குமான புதிராகிவிடும்.

தேர்வாக்கிவிடாதீர்கள்

கவனித்துக்கொள்வோர் நல்லெண்ணத்துடன் செய்யும் தவறு ஒன்று உண்டு. "இது யார் சொல்லுங்கள் பார்ப்போம்?", "இன்று என்ன கிழமை?", "நேற்றுத்தானே சொன்னேன்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பர். குடும்பத்தை நடத்தி, படகையும் வலையையும் ஆண்ட ஒருவருக்கு, பேரப்பிள்ளைகளின் முன்னிலையில் விடை தெரியாமல் விழிப்பது பெருந்துன்பம். இரண்டு முறை அவ்வாறு நேர்ந்தால் மூன்றாம் முறை அவர் பேசவே மறுத்துவிடுவார். அறிவுத்தூண்டல் சிகிச்சையின் அடிப்படை நெறிகளுள் ஒன்று, உண்மைத் தகவலைக் கேட்பதைவிடக் கருத்தைக் கேட்பது என்பதாகும். "முதலில் யாரை அனுப்பலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். இக்கேள்விக்குத் தவறான விடை இல்லை. அவர் சொன்னபடி செய்து பார்த்து, படகு கவிழ்ந்தால் இருவரும் சிரித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம்.

நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த தம்பதியரைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் நடந்து, 2011-இல் வெளியான ஆய்வொன்றும் இதையே உணர்த்துகிறது. பழைய நிகழ்வுகளைச் சேர்ந்து நினைவுகூர்ந்தபோது சில தம்பதியர், தனித்தனியே நினைவுகூர்ந்ததைவிடக் கூடுதலாக நினைவுபடுத்தினர். சிலருக்கு அது வாய்க்கவில்லை. இருவரும் எவ்வாறு பேசிக்கொண்டனர் என்பதே அவ்வேறுபாட்டுக்குக் காரணமாகத் தோன்றியது. ஒருவர் எடுத்துக் கொடுத்த சொல்லைப் பற்றிக்கொண்டு மற்றவர் தொடர்ந்த இடங்களில் நினைவு வளர்ந்தது.

பழகும்போது கருத்தில் கொள்ள வேண்டியவை சில. காலைப்பொழுதோ, உறங்கி எழுந்து தெளிவாக இருக்கும் வேறு நேரமோ ஏற்றது. இருபது நிமிடம் முதல் அரை மணி நேரம் போதும். முகத்தில் சோர்வு தெரிந்தால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். மூக்குக் கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் அணிந்திருக்கட்டும். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எதிரெதிரே அமருங்கள். மனத்தில் நிறுத்திக்கொள்ள இயலாதவருக்குக் கிளிஞ்சல்களும் கூழாங்கற்களும் உதவும்: பெரிய கிளிஞ்சல் இரண்டு பெற்றோர், சிறியவை இரண்டு பிள்ளைகள், ஒரு தட்டு படகு. பக்கவாதத்தால் பேச்சு தடைப்பட்டவரும் கிளிஞ்சலை நகர்த்தி விடை சொல்ல முடியும். ஒரு பக்கத்தில் உள்ளவற்றைக் கவனிக்க இயலாதவராயின், எந்தப் பக்கத்தில் பொருள்களை வைக்க வேண்டும் என்பதை இயன்முறை மருத்துவரிடமோ தொழில்வழி மருத்துவரிடமோ கேட்டறியுங்கள்.

புதிர் மருந்தாகாத இடங்கள்

மறதிநோயைத் தடுக்கப் புதிர் மட்டும் போதாது. மாற்றியமைக்கத்தக்க 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காடு மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று 2024-இல் லான்செட் மருத்துவக் குழு அறிவித்தது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், மிகுதியான மது, காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை ஆகியவை அவற்றுள் அடங்கும். இரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிட்டு நாள்தோறும் புதிர் போடுவதால் பயன் இல்லை.

ஆயினும் புதிர் ஒரு மாற்றத்தை நமக்குக் காட்டிக்கொடுக்கலாம். பல்லாண்டுகளாகப் பாட்டு முறையையும் மீன் கணக்கையும் தவறாமல் சொல்லி வந்தவர், சில மாதங்களாகத் தடுமாறுகிறார் என்றால், அதை வயதின் மேல் போட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு போன்றவையும் மறதியைத் தோற்றுவிக்கும். இவை சிகிச்சைக்கு உட்படுபவை.

ஓரிரு நாள்களில் திடீரெனக் குழப்பம் உண்டானால் அது கிருமித்தொற்று, இரத்தச் சர்க்கரை குறைதல், உடலில் உப்பின் அளவு குறைதல் ஆகியவற்றின் அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். நேற்று வரை தெளிவாகப் பேசியவருக்குத் திடீரென முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தோன்றிய நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்துவதே வழக்கம். தீவுக் கிராமங்களில் வாழ்வோர்க்கு நீரைக் கடக்கும் நேரமும் சாலையில் செல்லும் நேரமும் அந்தக் கணக்கினுள் சேரும். விடிந்த பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கலாகாது.

மற்ற நாள்களில், மாலை விளக்கேற்றிய பின் நான்கு கிளிஞ்சல்களுடன் இருவரும் அமருங்கள். விடை கிடைக்காவிட்டாலும் அந்த அரை மணி நேரம் பேசியிருப்பீர்கள். மருத்துவர் எழுதித் தர இயலாத மருந்து அது.

விடைகள்

1. ஒன்பது முறை. பிள்ளைகள் இருவரும் செல்வர். ஒருவர் படகுடன் திரும்புவார். தந்தை செல்வார், அக்கரையில் இருந்த பிள்ளை திரும்பும். பிள்ளைகள் இருவரும் மீண்டும் செல்வர், ஒருவர் திரும்புவார். தாய் செல்வார், அக்கரையில் இருந்த பிள்ளை திரும்பும். இறுதியில் பிள்ளைகள் இருவரும் செல்வர்.

2. முப்பது. முடிவிலிருந்து பின்னோக்கிச் செல்லுங்கள். மிஞ்சியதுடன் ஒன்றைக் கூட்டி இரட்டித்தால் முந்தைய எண்ணிக்கை கிடைக்கும்: 2, 6, 14, 30.

3. மூன்றாம் நாள் நண்டுக் குழு முகத்துவாரத்திலும், மடவைக் குழு மணல்திட்டிலும், இறால் குழு வடகரையிலும் வலையிட்டன.